கம்பளியும் டீசலும்

(நடுவட்டத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் தம் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் பெயர் சொல்லாமலே அவருக்கு நன்றி. 'யாருக்குக் கொடுப்பது' என்று பேசச் சொன்னார்கள். கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. ஒப்புரவறிதல், ஈகை என்று வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்து அதை முடித்துவிட்டார். நான் கணக்குத் தணிக்கையாளன். அறக்கட்டளைகளின் வரவு செலவைப் பார்ப்பது என் பிழைப்பு. நல்ல மனசு உள்ளவர்களின் பணம் எங்கே போய்ச் சேர்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்பதைக் கணக்குப் புத்தகம் வழியாகப் பார்த்தவன். அதைத்தான் சொல்லத் தெரியும்.

நடுவட்டத்தில் இந்தப் பேச்சைத் தொடங்க ஒரு வசதி உண்டு. 1860களில் நீலகிரியின் இந்த மலைச்சரிவில் சின்கோனா மரம் வந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்ததை, உதகைத் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் இங்கேயும் வளர்த்தார். பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் மரம் சாகாமல் மறுபடியும் பட்டை விடும் என்பது அவர் கண்ட வழி. அந்தப் பட்டையிலிருந்து வந்த கொய்னாதான் மலேரியாவுக்கு அன்றைக்கு இருந்த மருந்து. 1890களில் வங்காளத்தில் தொடங்கி அஞ்சலகங்களிலேயே கொய்னாப் பொட்டலத்தைச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். தபால்காரருக்குத் தெரிந்த ஊரெல்லாம் மருந்து போயிற்று. அதனால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குப் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டதில், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளின் உழைப்பு உண்டு. அவர்கள் அடைபட்டிருந்த சிறையைப் பார்க்க இப்போது சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளும் தோட்டமாயின. விளைவு நல்லதுதான். அந்த நல்லதற்கு விலை கொடுத்தவர்களை யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ஒரு நல்ல காரியத்தை எடைபோடும்போது இரண்டையும் தராசில் வைக்க வேண்டும்.

இன்றைக்கு அமெரிக்காவில் 'கிவ்வெல்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் 2007இல் தொடங்கியது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் ஒரு டாலருக்கு அதிக உயிர் பிழைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. பல ஆண்டுகளாக அவர்கள் பட்டியலின் மேல்வரிசையில் இருப்பவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவுக்கு மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்கும் வேலை. கொய்னா போய் வலை வந்திருக்கிறது; பகை அதே கொசுதான். அவர்கள் கணக்கை நான் அப்படியே ஏற்பதில்லை. நிலப்பட்டா வாங்கிக் கொடுத்தவனையும், அடங்கி ஒடுங்கி இருந்தவனைத் தாசில்தார் முன்னால் நிமிர்ந்து பேச வைத்தவனையும் அந்தத் தராசில் நிறுக்க முடியாது. ஆனால் அவர்கள் கேட்கிற கேள்வி சரியான கேள்வி. 'என் மனசுக்கு எது பிடிக்கிறது' என்பதற்கு முன்னால் 'இந்தப் பணம் எத்தனை பேருக்கு என்ன செய்யும்' என்று கேட்பது நம் பக்கத்தில் பழக்கமே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய். மருந்து ஒரே ஊசி, 18 கோடி ரூபாய். கேட்டார்கள்; ஒரு வாரத்துக்குள் 46 கோடிக்கு மேல் வந்து குவிந்தது. நம் மாவட்டத்திலிருந்தும் நிச்சயம் போயிருக்கும். அதில் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள்: ஒரு முகம், ஒரு பெயர், ஒரு காலக்கெடு. இதே காலத்தில், இங்கிருந்து மலை இறங்கினால் வருகிற கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. பரம்பரையாக வருவது. வலி வந்தால் பிள்ளை சுருண்டுவிடும். அதற்கு வேண்டியது பெரும்பாலும் தினசரி ஃபோலிக் ஆசிட் மாத்திரை, தேவைப்பட்டவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு ஆள். மாத்திரை விலை அதிகமில்லை. அந்த ஆளும், ஆள் ஏறிப்போகிற ஜீப்பின் டீசலும்தான் செலவு. டீசலுக்கு நிதி கேட்டு வாட்ஸாப்பில் யாரும் செய்தி அனுப்பிப் பார்த்ததில்லை. அனுப்பினாலும் நாம் பகிர மாட்டோம்.

கூடலூரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் அங்கேதான் இருக்கிறது. 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கரா, மாரி தெக்கேக்கரா தம்பதி 'அக்கார்டு' அமைப்பைத் தொடங்கினார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் மக்களிடையே வேலை. முதலில் கட்டடம் கட்டவில்லை, கம்பளி கொடுக்கவில்லை. ஊர் ஊராக உட்கார்ந்து பேசிச் சங்கம் கட்டினார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 1988 டிசம்பரில் கூடலூர் வீதியில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். அதற்கு முன்னால் கூடலூர் பஜாரில் தலை குனிந்து ஓரமாக நடந்துபோனவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் மருத்துவம் வளர்ந்தது. தேவதாசன், ரூபா என்ற இளம் மருத்துவத் தம்பதி ஊர்களிலிருந்தே ஆட்களைப் பொறுக்கிச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தார்கள். 1990இல் 'அஸ்வினி' என்ற பெயரில் அது தனி அமைப்பாகி, கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. நந்தகுமார் மேனன், ஷைலஜா தேவி என்ற மருத்துவத் தம்பதி வந்து அதை வளர்த்தார்கள். ஆதிவாசிப் பெண்களே அங்கே செவிலியர்கள்.

1992இல் அவர்கள் ஒன்று செய்தார்கள். ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி, சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். ஏழைகளுக்கான காப்பீடு என்று அரசாங்கங்கள் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. பிரீமியத்தில் மக்களின் பங்கும் உண்டு. சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். இலவசமாகவே கொடுத்துவிடலாமே, அந்தச் சில்லறையை வாங்கி என்ன ஆகப்போகிறது என்று கணக்குப் பார்ப்பவனுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் காசு கொடுத்தவர் வரிசையில் நிற்கும்போது 'எங்க ஆஸ்பத்திரி' என்கிறார். டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்றால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறார். எந்தத் தணிக்கையாளனும் தரமுடியாத கண்காணிப்பு அது.

ஆகவே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் முன் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்: உதவி பெறுகிறவர்களில் யாராவது அந்த நிறுவனத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து 'இது வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமானாலும் சரி, உங்கள் தெருவில் நேற்றுப் பதிவான அறக்கட்டளையானாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

இப்போது கம்பளிக்கு வருகிறேன். குளிர்காலம் வந்தால் சமவெளியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் ஏறிவருவார்கள். பேனர் கட்டுவார்கள், கம்பளியைக் கையில் கொடுத்தபடியே ஃபோட்டோ எடுப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கு உதகை, மாலையில் இறங்கிவிடுவார்கள். சாலையோரத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வருஷா வருஷம் கம்பளி கிடைக்கும். உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய டிவிஷனுக்குக் கிடைக்காது, ஏனென்றால் வேன் போகாது. குளிர் அங்கேயும் அதே குளிர்தான்.

ஒரு அறக்கட்டளையின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு பெரிய பில், கம்பளி வாங்கியது, தேதி மார்ச் மாதக் கடைசி. மார்ச் கடைசியில் ஊட்டியில் ஐஸ்கிரீம் விற்பார்கள். கம்பளி யார் வாங்குவார்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். சேர்த்து வைக்க வேண்டுமானால் காரணம் காட்டி முன்கூட்டியே படிவம் தர வேண்டும். திட்டம் போடாமல் ஆண்டு முழுவதும் தூங்கியவர்கள் மார்ச்சில் விழித்துக்கொண்டு கம்பளியும் தையல் மெஷினும் வாங்குவார்கள். நிறுவனத்தின் கணக்கு உங்கள் கைக்கு வந்தால் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். எந்த மாதத்தில் செலவு நடந்தது என்று கேளுங்கள். ஆண்டு முழுக்கச் சீராகச் செலவு ஓடினால் அங்கே வேலை நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வங்கியில் வைப்புத்தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், நன்கொடை கேட்கும் கடிதமும் நிற்கவில்லை என்றால், உங்கள் பணம் அவர்களுக்கு அவசரமாகத் தேவையில்லை.

எல்லோரும் கேட்பது 'நிர்வாகச் செலவு எவ்வளவு' என்று. குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று நம்பிக்கை. இது பாதிதான் உண்மை. நிர்வாகச் செலவு இரண்டு சதவீதம்தான் என்று யாராவது பெருமையடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒன்று, செலவை வேறு தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். அல்லது யாரோ ஒரு பெண் பிள்ளை சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறாள். சுகாதாரப் பணியாளரின் சம்பளம் நிர்வாகச் செலவா, சேவையா? அவர் போகிற ஜீப்பின் டீசல்? கணக்கு எழுதும் பையன் இல்லாவிட்டால் உங்களுக்கு ரசீதே வராது. அவன் எந்தத் தலைப்பில் வருவான்?

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 ஆனது. பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்றானது. இவற்றைவிட முக்கியமானது மூன்றாவது: வெளிநாட்டுப் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பெரிய அமைப்பின் கையிலிருந்து சிறிய மலைக்கிராம அமைப்புக்கு வந்துகொண்டிருந்த ஓடை அத்தோடு நின்றது. முறைகேடு செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் காய்ந்துபோனது பெரும்பாலும் ஒழுங்காக நடந்த சின்ன அமைப்புகள். அதனால்தான் உள்ளூர் மனிதர் மாதாமாதம் போடுகிற 300 ரூபாய்க்கு இப்போது முன்பில்லாத மதிப்பு. எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த முடியும். ஆண்டுக்கொருமுறை திடீரென்று வருகிற பெரிய தொகையை நம்பி எந்த நர்சையும் வேலைக்கு வைக்க முடியாது.

வரிச் சலுகை பற்றி ஒரு நிமிஷம். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய விலக்கு, பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கிடைக்கும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. நிறுவனம் உங்கள் நன்கொடையைத் துறைக்குத் தெரிவித்து அதற்கான சான்று தர வேண்டும். தரவில்லை என்றால் வெறும் ரசீதை வைத்துக்கொண்டு பயனில்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, அதில் அந்த விலக்கு கிடையாது. பதிவு இருப்பதும் சான்று இருப்பதும் நிறுவனம் சட்டப்படி நடக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். நல்ல வேலை செய்கிறது என்பதற்கு அல்ல.

பணத்தை நம்பி ஒப்படைத்தால் அறங்காவலர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சென்னையிலேயே பழைய கதை உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். உயில் எழுதிவைத்தார், கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் பெரும் சொத்து. அவர் கண் மூடியதும் பணம் கைமாறி, வழக்காகி, இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரல் நார்ட்டன் முனைந்து, மீண்ட பணத்தில் 1842இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. கொடுத்தவர் நல்லவர் என்பதால் மட்டும் தர்மம் நடந்துவிடவில்லை. ஆகவே அறங்காவலர் பட்டியலைப் பாருங்கள். புருஷன், பெண்டாட்டி, மச்சான் மூன்று பேர் மட்டும் இருந்தால் நல்ல மனிதர்களாகவே இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். கேள்வி கேட்க அந்த மேஜையில் யார் இருக்கிறார்கள்?

பேரிடர் சமயத்தில் கொடுப்பது தனி விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது. லாரியில் வந்து கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மானமுள்ள மீனவர் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. பிறகு டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' அமைப்பு வந்து, அந்தத் துணிகளைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலையையே ஒரு திட்டமாகச் செய்ய வேண்டியிருந்தது. நம் மலைக்கு இது அந்நியக் கதையல்ல. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. 2024 ஜூலையில் எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்சரிவில் அடித்துச் செல்லப்பட்டன. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். ஆறாவது மாதம், வாடகை வீட்டில் இருப்பவருக்கு வாடகை கட்டவும், பத்திரம் தொலைந்தவருக்கு அலுவலகம் அலுவலகமாக அலையவும் ஆள் இருக்காது. அப்போது கொடுங்கள்.

கொடுப்பது போதாது, வாங்க ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது மதுரை. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. விசாரித்தால், பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி. அறுவைக்குப் பணம் தேவைப்படாத ஏழைக்குப் பஸ் டிக்கெட்டுக்குத் தேவைப்பட்டது. அதன் பிறகு முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றி, சோறு போட்டு, அறுவை செய்து, திருப்பிக் கொண்டுவிட்டார்கள். நான் டீசலைப் பிடித்துக்கொண்டு பேசுவது இதனால்தான்.

'இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியதல்லவா' என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஆமாம். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்களும் பங்கு போட்டார்கள். பல ஊர்களில் பிடியரிசி திரட்டினார்கள். பிறகு அது முழுக்க அரசின் பொறுப்பாக வளர்ந்தது. அரிவாள் செல் சோகைக்கு மத்திய அரசு 2023இல் தேசிய இயக்கம் தொடங்கியது; அதற்கு வெகுகாலம் முன்பே கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் தொண்டு நிறுவனத்துக்காரர்கள். அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஒரு வேலையைத் தாங்கிப் பிடிக்கிற நிறுவனத்துக்கு என் பணத்தில் முதலிடம்.

பணமில்லாதவர்கள் நேரம் தரலாம் என்பார்கள். தரலாம், ஆனால் யோசித்துத் தர வேண்டும். கம்பெனியிலிருந்து சனிக்கிழமை வந்து பள்ளிச் சுவரில் மரமும் மயிலும் வரைந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அன்று பொழுது இனிமையாகப் போகும். அந்தப் பள்ளிக்குத் தேவை, வாரா வாரம் வந்து அதே நான்கு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். வங்கியில் இருந்தவர் கணக்கு எழுதிக் கொடுக்கலாம். ஜீப் ஓட்டத் தெரிந்தவர் ஓட்டலாம். ரத்தம் கொடுக்கலாம்.

சாதிச் சங்கம், கோயில், சர்ச், பள்ளிவாசல் வழியாகக் கொடுப்பதை நான் தாழ்த்திப் பேச மாட்டேன். மலையில் இறுதிச் சடங்குச் செலவையும் கல்யாணச் செலவையும் தாங்கியது அவைதான். ஆனால் எந்தச் சங்கத்துக்குள்ளும் வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். இலங்கையோடு செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. அந்தக் குடும்பங்கள் உங்கள் பக்கத்து வீடு, உங்களில் பலர் அந்தக் குடும்பம். வேலை ஓய்ந்ததும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய முதியவருக்கு எந்த அறக்கட்டளைப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மாநில அரசிடம் வீட்டுக்காக நடக்கிற வேலைக்கு வழக்குச் செலவும் பேருந்துக் கட்டணமும் தேவை. அதற்கு நன்கொடை கேட்டால் 'அது அரசியல்' என்று நகர்ந்துவிடுகிறோம். கம்பளி கொடுக்கத் தயார். கம்பளியைப் போர்த்திக்கொள்ள ஒரு கூரை வேண்டுமே.

நீங்கள் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நான் தணிக்கை செய்கிற நிறுவனம் எதற்கும் கொடுப்பதில்லை, அது முறையில்லை. மருத்துவப் பணி செய்கிற ஒரு அமைப்புக்கு வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடுவதில்லை. சம்பளமோ டீசலோ அவர்களுக்குத் தெரியும். ஆண்டறிக்கை வரும், படிப்பேன், சந்தேகமிருந்தால் ஃபோன் செய்வேன். சில ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பேன், சொல்லாமல். கையில் ஒரு சிறு தொகை தனியாக இருக்கும், வாசலில் வந்து பள்ளிக் கட்டணம் என்று நிற்பவருக்கு. அதற்கு ரசீதும் கேட்பதில்லை, கணக்கும் வைப்பதில்லை. தணிக்கையாளன் வீட்டில் கணக்கில் வராத ஒரே பணம் அதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நீங்கள் கேள்விப்பட்ட தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையையும் வரவு செலவையும் கேட்டு வாங்கி வாருங்கள். தந்தாலும் சரி, தர மறுத்தாலும் சரி, அதுவே ஒரு தகவல். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். ஏற்கெனவே கையில் அறிக்கை வைத்திருப்பவர்கள் வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். பெரியவர்களுக்குக் கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம்.